ஹாங்காங்கில் முதல் டிம்சம்: தேநீரிலிருந்து தொடங்குங்கள்

கேள்வி: அடுத்த மாதம் அம்மாவுடன் ஹாங்காங் செல்கிறேன். இருவரும் இதுவரை டிம்சம் சாப்பிட்டதில்லை. நான் கோழி, மீன், இறால் உண்பேன். பன்றி இறைச்சியும் மாட்டிறைச்சியும் உண்பதில்லை. அம்மா முழுச் சைவம். எங்கே போகலாம், எதைக் கேட்கலாம், எப்படிச் சாப்பிட வேண்டும்?

பதில்: டிம்சம் என்பது ஒரு பலகாரத்தின் பெயர் என்று எண்ணிக்கொண்டு செல்பவர்கள்தான் பெரும்பாலும் முதல்முறை மனம் நிறையாமல் திரும்புகிறார்கள். தேநீருக்குத் துணையாகச் சிறு சிறு அளவில் வரும் பலகாரங்கள் அனைத்துக்கும் அது பொதுப்பெயர். குவாங்சோவிலும் ஹாங்காங்கிலும் கான்டனீஸ் மொழி பேசுகிறவர்கள் காலையில் ஒருவரை ஒருவர் அழைக்கும்போது "டிம்சம் சாப்பிடலாம் வா" என்று அவ்வளவாகச் சொல்வதில்லை. "யம் சா" என்றுதான் சொல்கிறார்கள். "தேநீர் குடிப்பது" என்பதே அதன் பொருள். அந்தச் "சா"வின் வழிவந்ததுதான் நம்மவர் பலர் சொல்லும் "சாயா". "தேநீர்", "தேயிலை" என்ற சொற்களில் உள்ள "தே", சீனத்தின் ஃபூஜியன் கரையோரப் பேச்சிலிருந்து கடல்வழியாக வந்தது. யம் சாவில் தேநீர்தான் முதன்மை, பலகாரம் அதற்கு அடுத்தது. இந்த வரிசை மனத்தில் பதிந்துவிட்டால் எதைக் கேட்பது, எவ்வளவு கேட்பது, எவ்வளவு நேரம் அமர்வது என்ற கேள்விகளில் பாதிக்குத் தாமாகவே விடை கிடைத்துவிடும்.

பல ஆண்டுகளுக்கு முன்பு நான் முதன்முறை சென்றபோது இது தெரியாமல், தேநீரைப் பற்றிக் கேட்ட பணியாளரிடம் எதுவானாலும் சரி என்று சொல்லிவிட்டு, பட்டியலில் கண்ணில் பட்டதையெல்லாம் ஒரே மூச்சில் குறித்துக் கொடுத்தேன். முதலில் வந்தவை பாவ் என்ற, உள்ளீடு வைத்த, மாவுருண்டைபோல் கனமான ரொட்டிகளும் எண்ணெயில் பொரித்தவையும்தான். அவற்றிலேயே வயிறு நிறைந்துவிட்டது. அன்றைய மேசையில் மிக நுட்பமான பண்டமான இறால் கொழுக்கட்டையை நான் எடுத்தபோது அது ஆறி, அதன் தோல் கூடையின் அடித்தாளோடு ஒட்டிக்கொண்டு கிழிந்தது. அந்த ஒரு காலை எனக்குக் கற்றுத் தந்தவற்றை வைத்தே உங்களுக்குச் சொல்கிறேன்.

உள்ளே சென்று அமர்ந்ததும் உங்களிடம் முதலில் கேட்கப்படுவது எந்தத் தேநீர் என்பதுதான். போ லே என்பது யுன்னான் மாநிலத்துத் தேயிலையை நொதிக்கவைத்துப் பக்குவப்படுத்தியது. கருத்த நிறம், மண்வாசம், கசப்பு குறைவு. எண்ணெய்ப் பண்டங்களுக்கு அதுவே ஏற்றது என்பது அங்குள்ள பெரியவர்களின் முடிவு, என் முடிவும் அதுவே. ஹ்யோங் பின் என்பது மல்லிகை மணம் ஏற்றிய தேநீர். மல்லிகை நமக்குப் பழகிய மணம் என்பதால் உங்கள் அம்மாவுக்கு உடனே பிடித்துப்போகலாம். டிட் குன் யாம் என்பது ஊலாங் வகை, பச்சைத் தேநீருக்கும் கறுப்புத் தேநீருக்கும் இடைப்பட்டது. சாமந்திப்பூவைப் போ லேயுடன் சேர்த்துக் கொடுப்பதற்குக் குக் போ என்று பெயர். முதல்முறை செல்பவருக்கு நான் பரிந்துரைப்பது இதைத்தான், ஏனென்றால் போ லேயின் மண்வாசத்தைப் பூவின் மெல்லிய இனிப்பு தணித்துவிடுகிறது. எதிலும் பாலோ சர்க்கரையோ கிடையாது, கேட்கவும் வேண்டாம். தேநீருக்கு ஆள்கணக்கில் கட்டணம் உண்டு. குடித்தாலும் குடிக்காவிட்டாலும் அது பில்லில் சேரும். கேட்காமலே மேசையில் வைக்கப்படும் வேர்க்கடலைக்கும் ஊறுகாய்க்கும் பல இடங்களில் காசு உண்டு. வேண்டாம் என்றால் தொடுவதற்கு முன்பே திருப்பி அனுப்பிவிடலாம், அதில் தவறொன்றும் இல்லை.

பெரும்பாலும் இரண்டு கெண்டிகள் வரும்: ஒன்றில் தேநீர், மற்றதில் வெறும் வெந்நீர். பக்கத்து மேசையில் இருப்பவர்கள் கிண்ணம், கோப்பை, கரண்டி, குச்சி எல்லாவற்றையும் அந்தச் சூடான நீரில் அலசி, ஒரு பெரிய கிண்ணத்தில் அந்நீரைக் கொட்டுவதைக் காண்பீர்கள். இது ஹாங்காங்கின் பழைய பழக்கம். கழுவாத பாத்திரம் என்ற குற்றச்சாட்டாக யாரும் அதை எடுத்துக்கொள்வதில்லை. நீங்களும் செய்யலாம். தேநீரை ஊற்றும்போது தம் கோப்பையைக் கடைசியில்தான் நிரப்பிக்கொள்ள வேண்டும். எனவே முதலில் அம்மாவின் கோப்பை. உங்களுக்கு ஒருவர் ஊற்றினால், பேச்சை நிறுத்தாமலேயே ஆள்காட்டி விரலாலும் நடுவிரலாலும் மேசையை மெல்லத் தட்டினால் அது நன்றி. மாறுவேடத்தில் ஊர் சுற்றிய சியன்லுங் பேரரசர் தம் பணியாளருக்குத் தாமே தேநீர் ஊற்றினாராம். அரசர் யாரென்று வெளிப்பட்டுவிடக் கூடாது என்பதால், தரையில் விழுந்து வணங்க வேண்டிய அந்தப் பணியாளர் விரல்களை மடக்கி மேசையில் வணங்கினார் என்பது அந்தப் பழக்கத்துக்குச் சொல்லப்படும் கதை. கெண்டி காலியானால் யாரையும் கூப்பிட வேண்டாம். மூடியைப் பாதி திறந்து சாய்த்து வைத்தால் பணியாளர் வந்து வெந்நீர் ஊற்றிவிட்டுப் போவார்.

தள்ளுவண்டிகளில் மூங்கில் கூடைகளை அடுக்கிக்கொண்டு மேசை மேசையாக வரும் காட்சியைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். அது இன்று அரிதாகிவிட்டது; சென்ட்ரல் பகுதியின் சிட்டி ஹால் கட்டடத்தில் உள்ள மாக்சிம்ஸ் பேலஸ் அந்த வழக்கத்தைக் காத்துவரும் பெரிய கூடங்களில் ஒன்று. மற்ற இடங்களில் மேசையிலேயே ஒரு தாள் இருக்கும், வேண்டியதற்கு நேரே பென்சிலால் குறித்துக் கொடுக்க வேண்டும். பலகாரங்கள் சிறியது, நடுத்தரம், பெரியது, சிறப்பு என்று வகுக்கப்பட்டிருக்கும். இது கூடையின் அளவைச் சொல்வதன்று, விலைப்படிகளைச் சொல்வது. ஒரு கூடையில் வழக்கமாக மூன்று அல்லது நான்கு துண்டுகள் இருக்கும். அசைவம் உண்ணும் இருவருக்கு ஐந்தாறு கூடைகள் தாராளம், ஆனால் அவற்றை ஒரே தடவையில் குறிக்க வேண்டாம். சமையலறையில் எது முதலில் வேகிறதோ அது முதலில் வரும். நீங்கள் நினைத்த வரிசையில் எதுவும் வராது. இரண்டு கூடை கேளுங்கள், உண்ணுங்கள், தேநீர் குடியுங்கள், பிறகு அடுத்த இரண்டு. ஆவியில் வெந்த மெல்லிய பண்டங்கள் முதலில், காரமும் குழம்பும் உள்ளவை அடுத்து, பொரித்தவை அதற்குப் பின், இனிப்பு கடைசியில் என்ற முறை நாவுக்கு நல்லது.

இனி அந்த இறால் கொழுக்கட்டைக்கு வருகிறேன். கான்டனீஸில் அதன் பெயர் ஹா காவ். ஒரு கடையின் சமையல்காரர் எப்படிப்பட்டவர் என்பதை அறிய, விவரம் தெரிந்தவர்கள் முதலில் கேட்பது இதைத்தான். அதன் தோல் சாதாரணக் கோதுமை மாவால் ஆனதன்று. கோதுமை மாவைப் பிசைந்து நீரில் அலசி, பசையான புரதத்தை நீக்கிய பின் அடியில் தங்கும் வெண்மையான மாவுச்சத்தை எடுத்து, அதனோடு சிறிது மரவள்ளி மாவைச் சேர்த்து, கொதிக்கும் நீரை ஊற்றிக் கிளறிப் பிசைகிறார்கள். நம் வீடுகளில் பிள்ளையார் சதுர்த்திக்குக் கொழுக்கட்டை மாவைக் கொதிநீர் ஊற்றிக் கிளறுவதும் இதே காரணத்துக்காகத்தான்: பசைப்புரதம் இல்லாத மாவு வெந்நீரில் பாதி வெந்தால் மட்டுமே விரிசல் விடாமல் விரலுக்கு இசையும். பிசைந்த மாவிலிருந்து நெல்லிக்காயளவு உருட்டி எடுத்து, எண்ணெய்த் துணியில் துடைத்த, கூர்மையற்ற அகலக் கத்தியின் பக்கத்தால் ஒரே அழுத்தாக அழுத்தித் திருப்பினால் மெல்லிய வட்டத் தோல் கிடைக்கும். குழவியால் தேய்ப்பதில்லை. அந்த வட்டத்தில் இறாலையும் பொடியாக அரிந்த மூங்கில் குருத்தையும் வைத்து, ஒரு பக்கத்தை மட்டும் மடிப்பு மடிப்பாகக் கொசுவி மறுபக்கத்தோடு ஒட்டுகிறார்கள். ஏழு மடிப்புக்குக் குறையக் கூடாது, பத்துக்கு மேல் இருந்தால் கைத்திறன் என்பது தொழிலில் உள்ளவர்கள் சொல்லும் கணக்கு. ஆவியில் சில நிமிடங்களே வேகும். வெந்து வரும்போது வெண்மை போய்த் தோல் கண்ணாடிபோலாகி, உள்ளிருக்கும் இறாலின் இளஞ்சிவப்பு வெளியே தெரிய வேண்டும்.

மூடியைத் திறந்ததும் ஆவி அடங்கும்வரை மட்டும் பொறுங்கள். குச்சிகளால் அதன் உடலைக் கிள்ளாமல், மடிப்புகளுக்குச் சற்றுக் கீழே இரு பக்கமும் தாங்கி மெதுவாக அசைத்துத் தூக்குங்கள். அடித்தாளில் ஒட்டாமல், கிழியாமல், தொங்காமல் எழுந்து வந்தால் தோல் சரியானது. முதல் துண்டைச் சோயா சாறோ மிளகாய் விழுதோ தொடாமல் உண்ணுங்கள். நம் நாக்கு காரத்தைத் தேடும் என்பது எனக்குத் தெரியும், ஆனாலும் ஒரு துண்டுக்காவது பொறுத்திருங்கள். உள்ளிருக்கும் இறால் கூழாக இருக்கக் கூடாது. உப்பும் மாவும் போட்டுப் பிசறி, ஓடும் நீரில் நெடுநேரம் அலசிக் குளிரவைத்த இறால் பல்லுக்கடியில் வெடித்துத் துள்ளும். அதற்குக் கான்டனீஸில் "டான் ஙா" என்று சொல்வழக்கு உண்டு; பல்லில் பட்டுத் துள்ளுவது என்று பொருள். சுவைக்கு ஈடாக இந்தக் கடிபதத்தை மதிப்பது அந்தச் சமையலின் இயல்பு. அதை உணர்ந்த பிறகு மற்றப் பலகாரங்களும் உங்களுக்கு வேறுமாதிரித் தெரியத் தொடங்கும். ஆறிப்போனால் தோல் இறுகிவிடும் என்பதால் ஹா காவ் வந்த உடனே கூடை காலியாக வேண்டும்.

இங்கேதான் உங்கள் கட்டுப்பாட்டைப் பற்றி ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. மரபான ஹா காவில் இறாலோடு சிறிது பன்றிக் கொழுப்பையும் பொடியாக அரிந்து சேர்ப்பார்கள். உள்ளீடு வறண்டுபோகாமல் இருப்பதற்காக. பெயரில் இறால் மட்டுமே இருக்கும். இதுபோலவே லோ மாய் காய் என்பதன் பெயரில் கோழிதான் இருக்கிறது; ஆனால் தாமரை இலையில் பொதிந்து வேகவைத்த அந்தப் பசையரிசிச் சோற்றுக்குள் பன்றி இறைச்சியும் சீனத்துத் தொத்திறைச்சியும் இருப்பது வழக்கம். லோ பாக் கோ என்பது முள்ளங்கித் துருவலையும் அரிசி மாவையும் சேர்த்து அவித்து, வில்லை போட்டு வாட்டி எடுப்பது. அதிலும் தொத்திறைச்சித் துண்டுகளும் உலர்ந்த இறாலும் கலந்திருக்கும். சியூ மாய் பன்றி இறைச்சியும் இறாலும் சேர்ந்தது. சா சியூ பாவ், வாட்டிய பன்றி இறைச்சியை உள்ளே வைத்து, உச்சி மூன்றாகப் பிளந்து மலரும்படி வேகவைத்த வெள்ளை ரொட்டி. முட்டைக் கூழ் நிரப்பிய டான் டாட் என்ற இனிப்பின் மொறுமொறுப்பான ஓட்டுக்குக்கூடப் பல இடங்களில் பன்றிக் கொழுப்புதான் பயன்படுகிறது. எனவே பன்றி இறைச்சித் துண்டு வாயில் படக் கூடாது என்பது மட்டும் உங்கள் வரம்பா, அல்லது கொழுப்புக் கலப்பும் கூடாதா என்பதை நீங்கள் முதலில் முடிவு செய்துகொள்ள வேண்டும். இரண்டுக்கும் போக வேண்டிய கடைகள் வேறு.

முதல் வரம்பு போதுமென்றால் சாதாரணத் தேநீர் இல்லத்திலேயே உங்களுக்குப் போதுமானது உண்டு. ஹா காவ் கேட்கலாம். அரிசி மாவுக் கரைசலைத் தட்டில் மெல்லியதாகப் பரப்பி ஆவியில் வேகவைத்து, இறாலை உள்ளே வைத்துச் சுருட்டி, இனிப்பூட்டிய சோயா சாற்றை மேலே ஊற்றித் தரும் சோங் ஃபன், இடியாப்பமும் புட்டும் உண்டு வளர்ந்த நாவுக்கு முதல் வாயிலேயே பிடித்துவிடும். அதிலேயே உள்ளீடு எதுவும் இல்லாத ஒரு வகைக்குப் "பன்றிக் குடல்" என்று பொருள்படும் பெயர் இருக்கிறது. சுருளின் வடிவத்தால் வந்த பெயர் அது. உள்ளே பன்றி கிடையாது. பினாங்கிலும் கோலாலம்பூரிலும் வாழும் தமிழர்கள் சீ சோங் ஃபன் என்று அறிந்திருப்பதும் இந்தப் பெயரைத்தான்.

ஃபுங் ஜாவ் என்ற கோழிக்காலைத் தயங்காமல் கேட்டுப் பாருங்கள். பெயருக்குப் பொருள் பீனிக்ஸ் பறவையின் நகம். கோழிக்காலை முதலில் எண்ணெயில் பொரித்து, உடனே குளிர்நீரில் ஊறவைக்கிறார்கள். பொரிந்த தோல் நீரை உறிஞ்சி உப்பிச் சுருங்குகிறது. பிறகு மசாலாவில் மெல்ல வேகவைத்து, நொதித்த கறுப்பு அவரைச் சாற்றில் பிரட்டி ஆவியில் வைக்கிறார்கள். இத்தனை வேலைக்கும் பயன், எலும்பை விட்டுத் தானே நழுவி வரும் மெத்தென்ற தோல். ஒரு விரலளவை வாயில் வைத்து, நாவால் தோலைப் பிரித்து, சிறு எலும்புகளைத் தட்டின் ஓரத்தில் வைத்துவிட வேண்டும். ஆட்டுக்கால் சாறு குடிக்கிற நமக்கு இது அந்நியமாகத் தோன்ற வேண்டிய காரணமே இல்லை. பாவ் ரொட்டிகளின் அடியில் ஒட்டியிருக்கும் சதுரத் தாளை உரித்துவிட்டு உண்ண வேண்டும் என்பதையும் சொல்லிவைக்கிறேன். ஆவியில் ஈரமாகி அது கண்ணுக்கே தெரியாது.

கொழுப்புக் கலப்பும் கூடாது என்றால், வான் சாய் பகுதியின் ஓய் குவான் சாலைக்குச் செல்லுங்கள். அங்கே அம்மார் பள்ளிவாசலும் உஸ்மான் ரம்ஜு சாதிக் இஸ்லாமிய மையமும் ஒரே கட்டடத்தில் இருக்கின்றன. 5ஆம் தளத்தில் உள்ள உணவகத்தில் ஹலால் டிம்சம் கிடைக்கும். அலங்காரமில்லாத சாதாரண உணவுக்கூடம்தான், ஆனால் பன்றியோ அதன் கொழுப்போ இல்லாத சியூ மாயையும் ஹா காவையும் நிம்மதியாக உண்ண நகரில் இதைவிட ஏற்ற இடத்தை நான் அறியேன். காலையிலிருந்து பிற்பகல்வரைதான் டிம்சம் இருக்கும். வெள்ளிக்கிழமை நண்பகல் தொழுகை நேரத்தில் கூட்டம் நெருக்கும், அந்த வேளையைத் தவிர்த்துவிடுங்கள்.

நேரத்தைப் பற்றிச் சொல்வதானால், யம் சா காலைக்கும் நண்பகலுக்கும் உரியது. விடிந்ததும் சென்றால் முதியவர்கள் நாளிதழைக் குழாய்போல் மடித்து வைத்துக்கொண்டு, "யாட் ஜுங் லியோங் கின்" என்று அவர்கள் சொல்லும் ஒரு குவளைத் தேநீரோடும் இரண்டு பலகாரத்தோடும் மணிக்கணக்கில் அமர்ந்திருப்பதைக் காணலாம். பழைய இடங்களில் காலியான நாற்காலியில் முன்பின் தெரியாதவரோடு மேசையைப் பகிர்ந்து அமர்வதும் இயல்பு. ஞாயிற்றுக்கிழமை 11 மணியிலிருந்து 1 மணிவரை குடும்பங்கள் மூன்று தலைமுறையாக வந்து நிறைந்துவிடும். சீட்டு வாங்கிக்கொண்டு வாசலில் காத்திருக்க வேண்டும். வார நாளில் 10 மணிக்கு முன்போ, பல கடைகள் விலை குறைக்கும் 2 மணிக்குப் பின்போ செல்வது உங்களுக்கு வசதி. பழமையின் சூழலைப் பார்க்க விரும்பினால் ஸ்டான்லி தெருவில் லுக் யூ தேநீர் இல்லம் இருக்கிறது. 1933இல் தொடங்கியது, மரவேலைப்பாடும் மின்விசிறியுமாக அந்தக் காலத்தின் தோற்றத்தை இன்றும் வைத்திருக்கிறது, விலை சற்று அதிகம். குறைந்த செலவில் நேர்த்தியான பண்டம் வேண்டுமென்றால் டிம் ஹோ வான். ஃபோர் சீசன்ஸ் விடுதியின் லுங் கிங் ஹீன் உணவகத்தில் டிம்சம் சமைத்துவந்த மாக் குவாய் புய் 2009இல் மொங் கொக் பகுதியில் ஒரு சிறு கடையாக அதைத் தொடங்கினார்; மறு ஆண்டுப் பதிப்பிலேயே அது மிஷெலின் நட்சத்திரம் பெற்றது. அவர்களின் புகழ்பெற்ற பண்டம் அடுமனையில் சுட்ட பன்றி இறைச்சிப் பாவ் என்பதால் அது உங்களுக்கு ஆகாது. முதல் வரம்பு போதுமென்றால் ஹா காவும் இறால் சோங் ஃபனும் ஆகும்.

அம்மாவைப் பற்றித்தான் எனக்குக் கவலை. முழுச் சைவர் ஒருவருக்குச் சாதாரணத் தேநீர் இல்லத்தில் தேநீரைத் தவிர வேறெதையும் உறுதியாகப் பரிந்துரைக்க என்னால் முடியவில்லை. காய்கறி உள்ளீடு என்று எழுதியிருந்தாலும் சிப்பிச் சாறு கலந்திருக்கக் கூடும். எள் ஒட்டிய உருண்டைகள் பொரிக்கப்படும் எண்ணெய் எல்லாவற்றுக்கும் பொது. மாம்பழக் கூழில் விலங்குகளிலிருந்து எடுக்கும் ஜெலட்டின். மா லாய் கோ என்ற, ஆவியில் வெந்த இனிப்புக் கேக்கில் முட்டை. அடுக்கி வைத்த கூடைகளில் மேலே வேகும் இறைச்சியின் நீர் கீழே சொட்டுவதும் உண்டு. ஆகவே அவரை அங்கே அழைத்துச் சென்று எதிரில் வெறுமனே அமரவைக்காமல், ஒரு நாளைச் சைவத்துக்கென்றே ஒதுக்குங்கள். பௌத்த மரபின் சைவச் சமையல் அந்த ஊரில் வேரூன்றியது. வெங்காயமும் பூண்டும்கூடச் சேர்க்காத அந்தச் சமையல் அம்மாவின் விரத நாளுக்கும் பொருந்தும். கான்டனீஸில் "ஜாய்" என்று கேட்டால் அந்தச் சைவம் என்று புரிந்துகொள்வார்கள். லாக் சா தேநீர் இல்லம் சைவ டிம்சத்துக்கும் நல்ல தேநீருக்கும் பெயர்பெற்றது. டயமண்ட் ஹில் பகுதியில் சி லின் பிக்குணி மடத்தை ஒட்டிய நான் லியன் தோட்டத்தில், நீர்வீழ்ச்சிக்குப் பின்னால் மடத்தாரின் சைவ உணவகம் இருக்கிறது. கடை நேரங்களை முன்பே கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். முட்டையும் பாலும் பற்றி அம்மாவுக்கு உள்ள வரம்பைத் தங்கும் விடுதியில் ஒருவரிடம் சொல்லிச் சீன எழுத்தில் ஒரு சிறு தாளில் எழுதி வாங்கி, பணியாளரிடம் அதைக் காட்டிவிடுங்கள். நான் லியனுக்குக் காலையிலேயே போய்விட்டால், மடத்தின் மரக் கூரைகளையும் தாமரைக் குளத்தையும் அம்மா நிதானமாகப் பார்த்து முடிப்பதற்கும் உணவகத்தில் மேசை கிடைப்பதற்கும் சரியாக இருக்கும்.